கூ... சுக்கு சுக்கு: குழந்தைகளின் ரயில் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்தில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பாலர் பள்ளியில் 17 ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கிறேன். காலை ஏழு மணி வாக்கில் மலை ரயில் கூவிக்கொண்டு கிளம்பும். அதற்கு முன்பே சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றிருக்கும். பகல் முழுக்கக் கோயம்புத்தூர் மெமு என்ற மின்சார வண்டி போகும், வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போது அம்மா, அப்பா, காக்காவுக்கு அடுத்தபடியாக வாயில் வருவது பெரும்பாலும் ரயில்தான். அதனால் அதைப் பற்றிய சந்தேகங்களும் வருடா வருடம் என்னிடம் வருகின்றன. அம்மாக்களும் தாத்தாக்களும் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன்.

"டீச்சர், எம் பையன் ரயில்னே சொல்ல மாட்டேங்கறானுங்க. 'கூ'ன்னு மட்டும்தான் சொல்றான். அதெல்லாம் ஒரு பேச்சுங்களா?"

பேச்சுதான். ஒரு குழந்தை ஒரே ஒலியை, ஒரே பொருளுக்கு, யாரும் தூண்டாமல் திரும்பத் திரும்பச் சொன்னால் அது சொல். ரயிலைப் பார்த்து "கூ", படத்தில் ரயிலைப் பார்த்தும் "கூ", ரயில் இல்லாதபோது ஜன்னலைக் காட்டி "கூ?" என்று கேட்கிறான் என்றால், அவனிடம் ரயிலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை நன்றாகக் கவனியுங்கள். இல்லாத பொருளைப் பற்றிக் கேட்கச் சொல் வேண்டும். வெறும் சத்தத்தால் அது முடியாது.

"என் பிள்ளைக்கு எத்தனை வார்த்தை தெரியும்" என்று எண்ணும்போது கூ, பௌபௌ, மம்மு எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.

"சரிங்க, எந்த வயசுல 'ரயில்'னு திருத்தமா சொல்லுவான்?"

முதல் சொற்கள் ஒரு வயதை ஒட்டி வரும். உதட்டை மூடித் திறந்தால் வரும் ம, ப முதலில். ரகரம் நாக்கு நுனியின் வேலை, அதற்குக் காலம் ஆகும். மூன்று, நான்கு வயதில்கூட "லயில்", "யெயில்" என்று சொல்கிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். "ட்ரெயின்" இன்னும் கடினம். ட், ர் இரண்டும் ஒட்டி நிற்பதால் ஒன்றை விட்டுவிட்டு "டெயின்" என்பார்கள். சிலருக்கு அது "தேன்" ஆகிவிடும்.

பெரியவர்களின் நாக்கும் இந்தச் சிரமத்தை அறிந்ததுதான். தமிழ் மரபில் ரகரம் சொல்லின் முதலில் வராது. அதனால்தான் "இரயில்" என்று எழுதும் வழக்கம் வந்தது. இகரத்தில் கால் வைத்து ஏறினால் ர எளிதாக வருகிறது. பாட்டி "இரயிலு" என்று சொன்னால் நாகரிகம் இல்லை என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு அது நல்ல படிக்கட்டு.

"சுக்கு சுக்கு, குச்சு குச்சு, சிக்கு புக்கு... வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றோம். எதுங்க கரெக்ட்?"

எல்லாமே. இந்தச் சொற்கள் நீராவி எஞ்சினைக் கேட்ட காதுகள் செய்தவை. அந்த எஞ்சினில் ஆவி உருளைக்குள் புகுந்து தண்டைத் தள்ளும். வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வெளியேறும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு "சுக்". சாதாரண எஞ்சினில் இரண்டு உருளைகள், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் தள்ளல், ஆகச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு சுக். கிளம்பும்போது தனித்தனியாகக் கேட்கும், வேகம் பிடித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

ரயில் விளையாட்டில் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு "சுக்கு... சுக்கு..." என்று தொடங்கி "சுக்குசுக்குசுக்கு" என்று ஓடுவதைப் பாருங்கள். எஞ்சினின் கணக்கைக் காலாலேயே போட்டுவிடுகிறார்கள்.

"'கூ'ன்னா குயில்தானுங்களே? ரயிலுக்கு எப்படி வந்துச்சு?"

குயிலும் கூவும், சேவலும் கூவும், ரயிலும் கூவும். ஆவி ஒரு மெல்லிய இடுக்கு வழியாக வேகமாக வெளிவந்து மணி போன்ற கிண்ணத்தின் விளிம்பில் மோதும்போது வரும் ஊதல் அது. தொலைவுக்குப் போகிற குரலைத் தமிழ் நெடுங்காலமாகவே "கூ" என்கிறது. "கூப்பிடு" என்ற சொல்லுக்குள் அது இருக்கிறது, "கூப்பிடு தூரம்" என்ற அளவுக்குள்ளும் இருக்கிறது. ரயில் வந்தபோது நம்மிடம் வினை தயாராக இருந்தது. குழந்தை அதன் வேரை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

"இப்பத்தான் கரி எஞ்சினே கிடையாதே. கேக்காத சத்தத்தை எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?"

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினை 1972இல் கட்டி முடித்தது. 1990களின் நடுவில் அகலப்பாதையில் நீராவி ஓட்டமே நின்றுபோனது. சென்னைக் கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதையோரத்தில் வளர்கிற பிள்ளைக்குத் தாத்தா காலத்திலிருந்தே மின்வண்டிதான், இருந்தாலும் அது "சுக்கு சுக்கு" என்கிறது. ஆவி நின்ற பிறகும் சொல் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. நெல் குத்தாத வீட்டிலும் உரல், உலக்கை என்ற சொற்கள் இருப்பதைப் போல.

எங்கள் ஊருக்கு அந்தக் கவலையும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின்தான் கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. சில எஞ்சின்கள் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டிய எண்ணெய் எஞ்சின்கள், ஆனாலும் ஆவி ஆவிதான். கல்லாறு தாண்டி, நடுவில் பதித்த பற்களை எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பாதை தொடங்கியதும் தாளம் மாறும். பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் அது. முதல் ஜோடி உருளைகளில் வேலை செய்த ஆவியே அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுத்தான் புகைபோக்கிக்கு வரும். குன்னூரில் எஞ்சினை மாற்றி டீசலைப் பூட்டுவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளையைக் குன்னூர் நடைமேடைக்குக் கூட்டிப் போங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு குரல் என்பதை அங்கே நின்ற இடத்திலேயே கேட்கலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு என் யோசனை இதுதான். பரம்பரைச் சொல்லையும் கொடுங்கள், கூடவே உங்கள் ஊர் ரயிலையும் கேட்க வையுங்கள். "இந்த ரயில் எப்படிச் சத்தம் போடுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். என் பிள்ளைகளில் ஒருத்தி மெமு வண்டிக்கு "விய்ய்ய்ங்" என்றாள். அது கிளம்பும்போது மோட்டார் குரல் ஏறுவதை நானும் அன்றுதான் கவனித்தேன். இன்னொருவனுக்கு எக்ஸ்பிரஸ் "பாம்ம்ம்". எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சொற்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவை அவர்களே காதால் செய்தவை.

"ட்ரெயின்ல போனா எம் பொண்ணு 'டடக்... டடக்'னு ரெண்டு ரெண்டாச் சொல்றா. கேட்டுல நின்னு பாத்தா 'தடதடதடதட'ன்னு நாலாச் சொல்றா. விளையாட்டுக்கா, நெசமாவே அப்படியா?"

நிஜமாகவே அப்படித்தான். இந்தக் கேள்வியைக் கேட்ட தகப்பனாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நம் ஊர்த் தண்டவாளத் துண்டின் வழக்கமான நீளம் 13 மீட்டர். வெயிலில் நீள இடம் வேண்டும் என்று இணைப்பில் சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். சக்கரம் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்த பழைய நீலப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு முனைக்கும் கீழே ஒரு போகி (பெட்டியை அல்ல, சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தைச் சொல்கிறேன்), ஒரு போகிக்கு இரண்டு அச்சு, அச்சுகளுக்கு நடுவே சுமார் 2.9 மீட்டர். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் காலடியில் இருக்கும் போகிதான் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு 13 மீட்டருக்கும் இரண்டு தட்டு: டடக்... டடக்.

வெளியே இணைப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கணக்கு வேறு. ஒரு பெட்டியின் கடைசி இரண்டு அச்சும் அடுத்த பெட்டியின் முதல் இரண்டு அச்சும் அடுத்தடுத்து அதே இணைப்பைத் தாண்டும். நடுவில் நாலரை மீட்டர்தான். அதற்கப்புறம் பெட்டியின் நடுப்பகுதி, ஏறக்குறைய 12 மீட்டர், சக்கரமே இல்லை. ஆகவே நான்கு தட்டு, ஒரு மௌனம், மறுபடி நான்கு தட்டு. நான்கு வயதுக் குழந்தை இதை யாரும் சொல்லாமல் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் அவளுடைய காதைப் பற்றி நான் என்ன சொல்ல!

"ஆனா இப்பல்லாம் அந்தச் சத்தமே வர்றதில்லையே?"

தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள். இணைப்பு இல்லாததால் தட்டும் இல்லை. தடம் மாறும் இடங்களில், ஸ்டேஷனை நெருங்கும்போது, இன்னும் கேட்கும். சில பாலங்களில் வேறொரு முழக்கம் வரும். பயணத்தில் "இப்போ ஸ்டேஷன் வரப்போகுது, கேளு" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை காதைத் தீட்டிக்கொள்ளும்.

"மலை ரயிலுக்கு ஒரு பேரு, எக்ஸ்பிரஸ்ஸுக்கு ஒரு பேருன்னு வெச்சிருக்கான். 'ரெண்டும் ரயில்தான்டா'ன்னா ஒத்துக்க மாட்டேங்கறான்."

அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆடு மேய்ப்பவருக்கு வெள்ளாடும் செம்மறியும் வேறு வேறு. ஆடு மேய்க்காதவருக்கு இரண்டும் ஆடு. ரயிலைத் தினமும் கேட்கிற பிள்ளை நுணுக்கமாகப் பிரிக்கிறான். "சுக்கு ரயில், பாம் ரயில்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுங்கள். இரண்டும் ஒரு குடும்பம் என்பது கொஞ்ச நாளில் புரிந்துவிடும்.

"இவ நேர்மாறுங்க. லாரி, பஸ், தண்ணி டிராக்டர் எல்லாமே இவளுக்கு 'சுக்கு'."

ஒன்றரை, இரண்டு வயதில் எல்லா மொழிப் பிள்ளைகளும் செய்வது. நாலு கால் இருந்தால் நாய், உருண்டையாக இருந்தால் நிலா. சொல் குறைவு, உலகம் பெரிது, இருக்கிற சொல்லை நீட்டிப் போர்த்துகிறாள். "இல்லை, தப்பு" வேண்டாம். "ஆமா, பெரிய வண்டி! இது லாரி" என்றால் போதும்.

"எங்க மாமியார் 'கோச்சி'ன்னு சொல்லிக் குடுக்கறாங்க. ஸ்கூல்ல ட்ரெயின், நாங்க ரயில்ங்கறோம். பையன் குழம்பிருவானா? அத நிறுத்தச் சொல்லட்டுங்களா?"

குழம்ப மாட்டான், நிறுத்தவும் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மொழி புழங்கும் வீட்டுப் பிள்ளைகள், யாரிடம் எந்தச் சொல் என்பதைச் சீக்கிரமே பிரித்துக்கொள்வார்கள்.

இந்தக் கேள்வி கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வரும். இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையின் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் பலர் நீலகிரியில் குடியமர்ந்தார்கள். இலங்கையில் ரயிலுக்குக் "கோச்சி" என்று பெயர், சிங்களத்திலும் கோச்சிய. அந்தப் பாட்டிமார் ஹட்டன் பக்கத்து ஸ்டேஷன்களில் கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியவர்கள். பிறந்த மண்ணையும் உறவையும் விட்டுவரும் அழுகை நிறைந்த அந்த ரயிலை "ஒப்பாரிக் கோச்சி" என்றே சொன்னார்கள். பேரனுக்கு உங்கள் மாமியார் கொடுக்கும் அந்த ஒரு சொல்லில் அவருடைய பிறந்த ஊர் இருக்கிறது. பையன் இரண்டு வயதில் அதைச் சத்தமாக வாங்கிக்கொள்ளட்டும். பத்து வயதில் பாட்டியிடம் கதையாகக் கேட்பான்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமாக நடந்தது. போரினால் 1990இல் அங்கே ரயில் நின்றது, 2014இல்தான் மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் சொல் மட்டும் இருந்தது, வண்டி இல்லை. ஆவி போய்ச் சொல் மிஞ்சியதைப் பற்றி மேலே எழுதினேன். அங்கே ரயிலே போய்ச் சொல் மிஞ்சியிருந்தது.

"நல்ல தமிழ்ல 'தொடர்வண்டி'ன்னே பழக்கலாமுங்களா?"

தாராளமாக. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புகைவண்டி, தொடர்வண்டி, மலையாளத்தில் தீவண்டி எல்லாமே வண்டிக்கு முன்னால் அதன் தன்மையைச் சேர்த்துச் செய்தவை. இரண்டு வயதுக் குழந்தை "கூ வண்டி" என்று சொல்லும்போது அதே விதியைத்தான் பயன்படுத்துகிறது. அதைத் தள்ளிவிட்டுத் தொடர்வண்டியைத் திணிப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டும் இருக்கட்டும்.

"எம் பெரிய பையன் இரட்டைக்கிளவி படிக்கிறான். 'சுக்கு சுக்கு' இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரான்னு கேக்கறான்."

"இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்கிறது தொல்காப்பியம். பிரித்தால் பொருள் தராது என்பது விதி. தடதட, குடுகுடு போலச் "சுக்கு சுக்கு" என்ற ஒலியும் இரட்டைக்கிளவிதான். தனியாகச் சுக்கு என்றால் காய்ந்த இஞ்சி, ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "பாம்பு பாம்பு" போல அச்சத்தாலோ விரைவாலோ அடுக்கி வந்தால் அடுக்குத்தொடர், அங்கே ஒவ்வொரு சொல்லும் தனியே பொருள் தரும்.

மழலையில் ஒரு சிக்கல் உண்டு. மேலே ஒரு குழந்தை லாரியையும் "சுக்கு" என்று சொன்னாளே, அவளுக்கு அது பிரிந்து ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. வண்டியை அவசரமாகக் காட்டி "சுக்கு! சுக்கு!" என்று கத்தினால், என் கணக்கில் அது அடுக்குத்தொடர். தேர்வில் இதை எழுத வேண்டாம், வீட்டில் பேசிப் பாருங்கள்.

இப்படி ஒலியை இரட்டித்துச் சொல்செய்வது இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான குணம் என்று எமனோ என்ற மொழியியலாளர் 1969இல் விரிவாக எழுதினார். இந்தியில் "சுக் சுக்", மலையாளத்தில் "கூ கூ தீவண்டி" என்று நாடு முழுக்க ரயில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு நீராவி வண்டி "ஷுஷ்ஷு பொப்போ", தண்டவாளத் தட்டு "கதன் கொதோன்". ஆவிக்கும் தட்டுக்கும் தனித்தனிச் சொல், நம் சுக்கு சுக்கும் தடக் தடக்கும் போல.

"இப்படிச் சத்தமாவே பழக்குனா பேச்சு பிந்திப் போகும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க."

பிந்தாது. முட்சுமி இமாய், சொட்டாரோ கிட்டா குழுவினர் ஜப்பானில் மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். செயலோடு ஒலி பொருந்தும் சொற்களைக் குழந்தைகள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒலி பொருளைக் காட்டிக்கொடுக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை சொல்லுக்குள் வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. அவன் "கூ" என்றால் நீங்கள் "கூ... ஆமா, ரயில் வருது!" என்று நீட்டுங்கள். "கூ இல்ல, ட்ரெயின் சொல்லு, சொன்னாத்தான் பிஸ்கட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மலை ரயில் படத்தைக் காட்டி நானே "கூ" என்றேன். அவன் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்து "சுக்கு" என்றான்.

"ஸ்டேஷன்ல சொல்ற 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' மொத்தத்தையும் ஒப்பிக்கறான். ஆனா 'தண்ணி வேணும்'னு கேக்க மாட்டேங்கறான்."

அறிவிப்பை ஒப்பிப்பது பல பிள்ளைகளின் விளையாட்டு, அதனால் மட்டும் பயம் வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி முக்கியம். தேவையைச் சொல்ல, உங்களைப் பார்த்து எதையாவது காட்ட, பேச்சைப் பயன்படுத்துகிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேறு சிலவும் உண்டு. ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டுவதோ கை அசைப்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் "ரயில் போச்சு", "கூ வருது" போல இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. எந்த வயதிலானாலும் பேசியது நின்றுபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்" என்ற சமாதானத்தை நம்பி ஒரு வருடத்தைத் தொலைத்த குடும்பங்களை நான் அறிவேன். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

"ஹாரன் அடிச்சா காதைப் பொத்திட்டு அழறா. ரயிலே வேண்டாங்கறா."

ரயில்வே கேட்டுக்கு முன்னால் பாதையோரம் ஒரு பலகை இருக்கும். அங்கிருந்து கேட் தாண்டும்வரை ஓட்டுநர் ஹாரன் அடித்தாக வேண்டும். எங்கே, எப்போது சத்தம் வரும் என்று தெரிந்தால் பாதி பயம் போகும். கேட்டிலிருந்து தள்ளி நின்று, "இப்போ பாம்னு சொல்லும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சில நாளில் ரயிலுக்கு முன்பே அவள் "பாம்" சொல்வாள். அதற்கும் மேல் எல்லாச் சத்தத்துக்கும் துடித்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

"எங்க பாப்பாவுக்குக் காது கேக்காதுங்க டீச்சர். அவளுக்கு ரயிலை எப்படிச் சொல்றது?"

இதை ஒரே ஒரு அம்மாதான் என்னிடம் கேட்டார், ஆனாலும் இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது. பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. காதுக் கருவிக்கான சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அவர்கள் வீடு பாதையை ஒட்டியது. எக்ஸ்பிரஸ் வரும்போது அவள் ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொள்வாள் என்று அம்மா சொன்னார். அது ரயிலால்தானா என்பதுகூட அவருக்குச் சந்தேகம்.

அடுத்த நாள் நானும் போய் அவள் பக்கத்தில் சுவரில் கை வைத்து நின்றேன். முதலில் கையில் மெல்லிய நடுக்கம், அப்புறம் அதிர்வு, அப்புறம் ஜன்னல் கம்பி. ரயில் போனதும் பாப்பா என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, தன் கையை வேகமாக நடுக்கிக் காட்டினாள். நான் அதேபோல் நடுக்கிக் காட்டினேன். அம்மாவும் செய்தார். அன்று முதல் அந்த வீட்டில் ரயிலுக்கு அதுதான் சொல். சைகை மொழி ஆசிரியரிடம் சேர்ந்த பிறகு முறையான சைகையும் கற்றுக்கொண்டாள். வீட்டில் இருவரும் இன்னும் பழையதைத்தான் செய்கிறார்கள்.